எந்த மொழியில் எழுதினால் குற்றம்?

எழுத்தாளன் யாருக்குக் கடன்பட்டவன்? பட்டம் தந்த கல்லூரிக்கா? புகழ் தரும் பதிப்பகத்துக்கா? தன் கதைகளில் உலவும் மக்களுக்கா? கென்ய நாட்டு நாவலாசிரியர் கூகி வா தியாங்கோ இந்தக் கேள்விக்கு விடை தேடப் புறப்பட்டார்; சிறையைக் கண்டார்.

1938-இல் லிமுருவை அடுத்த சிற்றூரில் பிறந்தவர் அவர். வெள்ளையர் ஆட்சியின் பள்ளியிலே, தாய்மொழியாம் கிக்கூயுவில் பேசிய பிள்ளைக்குப் பிரம்படி. அன்றேல், 'நான் முட்டாள்', 'நான் கழுதை' என்று பொறித்த தகடு கழுத்திலே! பேசியவரைக் கண்டுபிடிக்கப் பிள்ளைகளையே ஒற்றர்களாக்கினர். பிள்ளைகளுக்குப் பாடஞ் சொல்லிப் பிழைக்கும் நமக்கு, அந்தத் தகட்டை எண்ணும்போதே நெஞ்சு கூசுகிறது.

அப்பள்ளி பயிற்றுவித்த ஆங்கிலத்திலேதான் 1964 முதல் நாவல்கள் எழுதினார்; புகழும் பெற்றார். 1977-இல் வெளிவந்த 'பெட்டல்ஸ் ஆஃப் பிளட்' நாவல் விடுதலை பெற்ற நாட்டின் புது முதலாளிகளைச் சாடியது. ஆள்வோர் பொறுத்துக் கொண்டனர். அதே ஆண்டில், கமிரீத்து என்னும் ஊரில், உழவரும் தொழிலாளரும் நடிக்கக் கிக்கூயு மொழியில் நாடகம் ஒன்று அரங்கேறிற்று. கூகி வா மிரீயுடன் சேர்ந்து அவர் எழுதியது. சில வாரங்களில் தடை! டிசம்பர் 31-இல் கைது! வழக்குண்டா? விசாரணையுண்டா? இல்லை. ஓராண்டுக் காவல் மட்டும் உண்டு. கற்றோர் படித்தால் கலை, கழனியில் உழல்வோர் கேட்டால் கலகம் என்பதுதானே இதன் பொருள்?

சிறையில் கழிப்பறைத் தாளிலே அவர் எழுதிய கிக்கூயு நாவல் 1980-இல் அச்சேறியது. எழுத்தறிந்தவர் படிக்க, அறியாதவர் சூழ்ந்திருந்து கேட்டனர், மதுக்கடையிலும் வாடகை வண்டியிலும்கூட!

"சிறுமொழியில் எழுதுவது நூலைச் சிறைவைப்பதாகாதா? அவரே அதை ஆங்கிலமாக்கினாரே, அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியராய் இருந்தாரே!" என்பர் சிலர். ஆம், 2025 மே 28-இல் அவர் மறைந்ததும் அமெரிக்காவில்தான். ஆயின், 1982-இல் நாடு திரும்பினால் கைது என்னும் நிலையை உண்டாக்கியவர் யார்? கமிரீத்து அரங்கை இடித்துத் தரைமட்டமாக்கியவர் யார்? மொழிபெயர்ப்பை நாம் குறைகூறவில்லை. முதலில் கேட்க வேண்டியவர் கேட்டபின் உலகம் கேட்கட்டும். முறை மாறலாகாது என்பதே நம் வழக்கு.

1986-இல் வந்த 'மாட்டிகாரி' நாவலின் கதையோ வேடிக்கை. மாட்டிகாரி என்பவன் நாடெங்கும் நீதி கேட்டு அலைகிறான் என்று மக்கள் பேசிக்கொண்டனராம். அவனைக் கைது செய்ய ஆணை பிறந்ததாம்! அவன் கதைமாந்தன் என்றறிந்த காவல்துறை, 1987-இல் கடை கடையாய்ப் புகுந்து நூலை அள்ளிச் சென்றது.