எஞ்சி நிற்கும் கடன்

வழிப்பறி செய்து வாழ்ந்த வேடனை நாரத முனிவர் தடுத்து நிறுத்தி, அவனது பாவத்தில் குடும்பத்தாருக்குப் பங்கு உண்டா என்று கேட்டுவர அனுப்பிய கதையை அன்பர்கள் அறிவர். மனைவியும் மக்களும் பங்கேற்க மறுத்தனர். அம்மறுப்பே அவனது அகக்கண்ணைத் திறந்தது. அவனே பின்னாளில் வால்மீகி முனிவரானான்.

குடும்பத்தார் கூறியது நியாயமே. ஒருவரின் வினைக்கு மற்றவர் பொறுப்பாவதில்லை. ஆனால் உலக நடைமுறையோ வேறாக இருக்கிறது. ஒருவன் சிறை புகுந்ததும் அவனுடைய தாய் அண்டை வீட்டாரின் பார்வைக்கு அஞ்சுகிறாள். மனைவியின் கூலி வழக்குச் செலவிலும் பேருந்துக் கட்டணத்திலும் கரைகிறது. பள்ளியில் தந்தையின் குற்றமே பிள்ளைக்குப் பெயராகிவிடுகிறது. பாவத்தில் பங்கில்லாதவர்கள் தண்டனையில் பங்கு பெறுகின்றனர்.

மறுபுறம், அக்குற்றத்தால் தன் தலைவனை இழந்த வீடும் இருக்கிறது. குற்றவாளி சட்டத்துக்குப் பட்ட கடன் சிறைவாசத்தால் தீரலாம்; அந்த வீட்டுக்குப் பட்ட கடன் அப்படியே நிற்கிறது. அதை உணரச் செய்து, இயன்ற அளவு ஈடுசெய்ய வழிகாட்டுவதே உறவுகளைச் சீர்ப்படுத்தும் நீதியாகும்.

1960-ஆம் ஆண்டில் ஆச்சாரிய வினோபா பாவே சம்பல் பள்ளத்தாக்கில் பாதயாத்திரை சென்றபோது, கொள்ளையர் இருபது பேர் அவர் முன் ஆயுதங்களை வைத்துச் சரணடைந்தனர். அது சட்டத்திலிருந்து தப்பும் வழியாக இருக்கவில்லை. அவர்கள் நீதிமன்றத்தின் முன் நிற்க வேண்டியிருந்தது. மனமாற்றம் என்பது பொறுப்பை உதறுவதன்று, ஏற்பதே என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்தியது.

ஜெய்ப்பூருக்கு அருகிலுள்ள சாங்கானேரில் 1963-இல் திறந்தவெளிச் சிறை ஒன்று தொடங்கப்பட்டது. அன்றைய ராஜஸ்தான் ஆளுநர் சம்பூர்ணானந்தரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. தண்டனையின் ஒரு பகுதியை நன்னடத்தையுடன் கழித்தவர்கள் அங்கே குடும்பத்துடன் வாழ்ந்து, பகலில் வெளியே சென்று உழைத்துப் பிழைக்கின்றனர். குறித்த வேளையில் திரும்பிவந்து வருகையைப் பதிவு செய்கின்றனர். கொலைக் குற்றத்துக்காக ஆயுள் தண்டனை பெற்றவர்களும் அவர்களுள் உண்டு. நம்பிக்கையே அங்கு மதிலாக நிற்கிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. பாதிக்கப்பட்டோரை மன்னிக்குமாறு வற்புறுத்த எவருக்கும் உரிமை இல்லை. மன்னிப்பு அவர்கள் உள்ளத்தில் தானாக மலர வேண்டியது. மலராவிடினும் அவர்கள்மீது குறையில்லை. திருந்தியவனின் கடமை மன்னிப்பை எதிர்பார்ப்பதன்று, கடனைச் செலுத்துவதே.

கொடுஞ்செயல் புரிந்தவனும் நல்லுறுதி கொண்டால் நல்லவனாகவே கருதத்தக்கவன் என்று கீதையின் ஒன்பதாம் அத்தியாயத்தில் பகவான் அருளுகிறார். அவ்வுறுதி செயலாகக் கனிவதற்குச் சமுதாயத்தின் துணையும் வேண்டும். கைதியின் பிள்ளைக்குப் பாடநூல் வாங்கித் தருவதும், விடுதலையாகி வந்தவனுக்கு ஒரு வேலை கொடுப்பதும், குற்றத்தால் நொந்த வீட்டாரை ஊர் மறந்த பின்னும் நாடிச்சென்று விசாரிப்பதும் இறைவழிபாடே. எல்லா உயிரிலும் உறைபவன் ஒருவனே என்றால், அந்த இரண்டு வீடுகளிலும் அவனே காத்திருக்கிறான்.