முகம் யாருக்குச் சொந்தம்?

ஒருவரின் முகத்தைப் படமெடுத்தால், அப்படம் எடுத்தவருக்கு உரியதா, எடுக்கப்பட்டவருக்கு உரியதா? சட்டத்திடம் இதற்கு விடை உண்டு; அது பெரும்பாலும் கமராவைப் பிடித்தவர் பக்கம் சாய்ந்த விடை. அறத்தின் விடை யாது என்பதே சில காலமாக என்னை வருத்தும் கேள்வி.

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளியின் நாட்கூலி 1000 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அவ்வாண்டின் இறுதியில், பதுளை நகரில், வேறொருவர் பயன்படுத்திய சிறிய டிஜிட்டல் கமரா ஒன்றை 15,000 ரூபாவுக்கு வாங்கினேன். மலிவுதான் என்றார்கள் நண்பர்கள். கொழுந்து பறிக்கும் பெண்ணின் பதினைந்து நாள் உழைப்பு அது. மலிவு என்னும் சொல்லுக்கு ஆளுக்கொரு பொருள் இருக்கிறது போலும்!

கருவியோ அருமையானது. சட்டைப் பையில் அடங்கும். பிலிம் வாங்க வேண்டியதில்லை, கழுவக் கொடுக்க வேண்டியதில்லை. எங்கள் பாட்டன்மார் காலத்தில் படம் எடுத்துக்கொள்வது வாழ்நாளில் ஓரிரு முறை நிகழும் காரியம். திருமணத்துக்கு ஒன்று எடுத்தார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பத் தீர்மானித்த பின்னர், கடவுச்சீட்டுக்காக இன்னொன்று எடுத்தார்கள். முப்பத்தாறு படம் கொண்ட சுருளில் ஒவ்வொரு படமும் காசாக இருந்தபடியால், எடுப்பவர் யோசித்தே எடுத்தார். இன்று விசையை அழுத்தக் காசு வேண்டாம். காசோடு அந்த யோசனையும் போய்விட்டது.

இந்நாட்டு உழைப்பாளியின் முகம் படமாவது புதிய செய்தியன்று. 1875இல் இலங்கையில் குடியேறிய ஜூலியா மார்கரெட் கமரன் அக்காலத்துப் புகைப்படக் கலைஞருள் தலைசிறந்தவர். இங்கிலாந்தில் கவிஞர் டெனிசனையும் டார்வினையும் வானியலறிஞர் ஹெர்ஷலையும் படமெடுத்தவர். அப்படங்கள் பெயரோடு நிற்கின்றன. களுத்துறையில் அவர் எடுத்த எளிய மனிதர்கள் வெறும் 'குடியானவர்' என்ற தலைப்பின் கீழ் நிற்கிறார்கள். 1890இல் தோமஸ் லிப்டன் வந்தார். அப்புத்தளைக்கு அருகிலுள்ள தம்பத்தென்னைத் தோட்டத்தை வாங்கினார். அவருடைய விளம்பரங்களில் தமிழ்ப் பெண்ணொருத்தி கூடையும் தானுமாக நின்று உலகமெங்கும் தேயிலை விற்றுக்கொடுத்தாள். பெட்டியில் அச்சான பெயர் லிப்டனுடையது. இன்றும் லிப்டன் இருக்கையைக் காணச் செல்லும் பயணிகள், வழியில் கொழுந்து மலையில் நிற்கும் பெண்களை நோக்கிக் கமராவை உயர்த்துகிறார்கள். படியும் முகத்துக்குப் பெயர் கேட்பவர் அரிது.

இவ்வளவும் அறிந்த நான் செய்தது என்ன?

என் மாணவன் ஒருவனின் அம்மாயி ஒருநாள் மாலை மழையில் நனைந்து, இடுப்பில் கிழிந்த படங்குடன், லயத்து வாசலில் வந்து நின்றார். எடுத்தேன். அருகே அழைத்துக் கமராவின் பின்புறத் திரையில் காட்டினேன். பழைய கருவிகளில் இல்லாத வசதி இது. படத்தில் இருப்பவர் அங்கேயே தம்மைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லலாம். அவரும் சொன்னார்: "இது என்னா மாஸ்டர், கிழிஞ்ச படங்கோட நிக்கிறேன்? இத அழிச்சுப்புடுங்க."

"சரி, பாட்டி" என்றேன். அழிக்கவில்லை.

படம் நன்றாக வந்திருந்தது. கொழும்பில் நண்பர்கள் நடத்திய கண்காட்சி ஒன்றுக்கு அனுப்பினேன். 'மலையகத் தாய்' என்று தலைப்பிட்டுச் சுவரில் மாட்டினார்கள், சிறு மலரிலும் அச்சிட்டார்கள். அந்த மலரைப் பெருமையோடு வகுப்பில் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஒரு குரல்: "சேர், அது எங்க அம்மாயி அழிக்கச் சொன்ன படந்தானே?"

நாற்பது பிள்ளைகளுக்கு முன்னே எனக்கு விடை கிடைக்கவில்லை.

வறுமையை மறைப்பது பொய்யல்லவா, யதார்த்தத்தைக் காட்டுவது எழுத்தாளனின் கடமையல்லவா என்று எனக்கு நானே வாதாடிப் பார்த்தேன். நம் அணியில் இவ்வாதம் எளிதில் செல்லுபடியாகும். அதனாலேயே அதன்மேல் எனக்கு ஐயம். லிப்டனுக்கு அந்தப் பெண் தேயிலையின் சின்னம். எனக்கு வறுமையின் சின்னம். இரண்டிலும் அவர் ஒரு சின்னமே. 1936இல் கலிபோர்னியாவில் டொரதியா லாங் எடுத்த 'புலம்பெயர்ந்த தாய்' நல்ல நோக்கத்தோடு எடுக்கப்பட்ட படம். ஆயினும் லாங் அவருடைய பெயரைக் கேட்கவில்லை. அவர் புளோரன்ஸ் ஓவன்ஸ் தாம்சன் என்பது 1978இல்தான் வெளியாயிற்று. அப்படத்தின்மேல் அவருக்குக் கசப்பே இருந்தது.

இதற்கு மாறான வழியும் உண்டு. லூயிஸ் ஹைன் நியூயோர்க்கில் என்னைப்போல ஓர் ஆசிரியராக இருந்தவர். 1908 முதல் அமெரிக்க ஆலைகளிலும் சுரங்கங்களிலும் உழைத்த குழந்தைகளைப் படமெடுத்தார். சட்டைப் பொத்தான்களை அளவாகக் கொண்டு அவர்களின் உயரத்தைக் கணித்தார். பெயரையும் வயதையும் கேட்டுக் குறித்துக்கொண்டார். அவரிடம் அக்குழந்தைகள் சாட்சிகளானார்கள்.

விரும்பிய படத்தை மட்டும் எடுப்பது என்று வைத்துக்கொண்டால் ஒழுகும் கூரை வெளியே தெரியாமலே போகாதா? போகும், அதனால் இலாபம் அடைவது நிர்வாகமே. ஆகவே கூரையை எடுப்போம், வெடித்த சுவரை எடுப்போம், சாக்கடையை எடுப்போம்; அவற்றுக்கு எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் நாள் காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் மண்ணுக்குள் போயின. அத்தகைய சரிவுகளின் ஓரத்து வீடுகளை ஆயிரம் முறை எடுக்கலாம். ஆனால் அங்கே சுவர்களில் மாட்டியிருந்த படங்களும் அல்லவா மண்ணுக்குள் போயின! போனவரின் முகத்தை நினைவில் வைக்க அவர் விரும்பி நின்ற ஒரு படமும் மிஞ்சாத வீடு எப்படிப்பட்ட வீடு என்பதை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை.

அந்த ஞாயிறு லயத்துக்குப் போனேன். பொய் சொன்னதை ஒப்புக்கொண்டேன். பாட்டி திட்டவில்லை, திட்டியிருந்தால் எனக்கு இலேசாக இருந்திருக்கும். "கமரா கொண்டாந்தீங்களா?" என்று மட்டும் கேட்டார். முக்கால் மணி நேரம் காத்திருந்தேன். தீபாவளிச் சேலை உடுத்தி, அடுத்த வீட்டிலிருந்து நாற்காலி வருவித்து, சுவாமி படத்தின் கீழ் நேராக அமர்ந்தார். சிரிக்கவில்லை. கலைக் கண்ணுக்கு அது மோசமான படம். சுவாமி படத்தின் கண்ணாடியில் பிளாஷ் ஒளி பட்டுத் தெறித்திருந்தது. திரையை வெகுநேரம் பார்த்துவிட்டு, "பெருசாப் போட்டுக் குடுங்க மாஸ்டர். நான் போனப்புறம் மாலை போட ஒண்ணு வேணும்ல" என்றார்.

பதுளையில் பெரிதாக்கிச் சட்டமிட்டுக் கொடுத்தேன். அவருடைய பெயரை இங்கே எழுதவில்லை. அதற்கு அவரிடம் இன்னும் கேட்கவில்லை. முதற் படத்தை அவர் கண்முன்னே அழித்தேன். கொழும்புச் சுவரில் மாட்டிய பிரதியைக் கண்காட்சி முடிந்தபின் யாரோ கேட்டு வாங்கிச் சென்றதாக நண்பர்கள் சொன்னார்கள்.