பகுத்த வேலையும் பகுக்கவொண்ணாப் பொறுப்பும்

தான் செய்யும் தொழிலின் இறுதிப் பயனை ஒருவன் அறியாதிருப்பானாயின், அப்பயனில் அவனுக்குப் பங்குண்டா? பழமையான இவ்வினா இன்று புதுவடிவில் நம்முன் நிற்கின்றது. நம் மக்களிற் பலர் கல்வியால் உயர்ந்து, பெருநிறுவனங்களில் மென்பொருட் பொறியாளராய் அமர்ந்துள்ளனர். அதனை எண்ணி நாம் மகிழ்வது தகும். ஆயினும், அவர்தம் ஊதியத்தை வினவுவோர் பலர்; வேலையின் தன்மையை வினவுவோர் சிலரே.

அரிவாள் வடிக்கும் கொல்லன் அதனை வாங்குவோன் முகத்தைக் காண்கின்றான். பெருநிறுவனப் பொறியாளனுக்கு அவ்வாய்ப்பு அரிது. இலட்சக்கணக்கான வரிகள் கொண்ட ஒரு மென்பொருளில் ஒருவர் ஒரு சிறு பகுதியை எழுதுகின்றார். மற்றொருவர் அதனை விரைவுபடுத்துகின்றார். வேறொருவர் பிழை தேடுகின்றார். படத்திலுள்ள பொருளை இனங்காணும் அதே நிரல் மருத்துவமனையில் நோயைக் கண்டறியவும் உதவும். போர்க்களத்தில் இலக்கைத் தேடவும் உதவும். ஆகவே, "எம் பகுதியிற் குற்றமில்லை" என்று ஒவ்வொருவரும் கூற இயலும். ஆயிரவர் இவ்வாறு கூறுமிடத்து, வினை மட்டும் நிகழ்ந்துவிடுகின்றது. வினை செய்தோர் ஒருவருமிலர்!

இது வெறுங்கற்பனையன்று. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 2017-ஆம் ஆண்டில் 'மேவன்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. ஆளில்லா வானூர்திகள் எடுக்கும் படங்களிலுள்ள பொருள்களைச் செயற்கை நுண்ணறிவு கொண்டு இனங்காண்பது அதன் நோக்கம். கூகிள் நிறுவனம் அதற்குத் துணைபுரிந்தது. இதனை அறிந்த ஊழியர் 3,000-க்கும் மேற்பட்டோர், போர்த்தொழிலில் நிறுவனம் ஈடுபடலாகாதென வேண்டி, 2018-இல் அதன் தலைவரும் மதுரையிற் பிறந்தவருமாகிய சுந்தர் பிச்சைக்கு மடல் எழுதினர். ஏறத்தாழ 12 பேர் பதவி துறந்தனர். தம் நுட்பம் தாக்குதலுக்குரியதன்று, படங்களை மனிதர் பார்வைக்குக் குறித்துக் காட்டுவதே அதன் பணி என்றது நிறுவனம். எனினும், 2019-இல் முடியும் ஒப்பந்தத்தைப் புதுப்பிப்பதில்லை என 2018 ஜூன் மாதத்தில் முடிவு செய்தது. படைக்கலங்களுக்குச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்துவதில்லை என்னும் நெறியையும் வெளியிட்டது.

அம்மடலில் ஒப்பமிட்டவருட் பலர் மேவன் திட்டத்தில் ஒரு வரியும் எழுதியவரல்லர். ஆயினும் அப்பொறுப்பைத் தமதெனக் கொண்டனர். ஈண்டே நாம் சிந்திக்க வேண்டும். வினையின் வேர் எண்ணம் என்பது பகவான் புத்தர் போதனை. அங்ஙனமாயின், அறியாது செய்தவன் குற்றமற்றவனே எனச் சிலர் வாதிடுவர். அறியாமை இருவகைப்படும். அறிய இயலாமை ஒன்று. அறிய விரும்பாமை மற்றொன்று. முன்னது குறைபாடு, பின்னது எண்ணத்தோடு கூடிய செயலேயாம். கேட்டால் விடை கிடைக்குமிடத்தில் கேளாதிருப்பவன், கேளாமையைத் தானே தேர்ந்து கொள்கின்றான். படைக்கல வாணிகத்தை இல்லறத்தார்க்கு விலக்கிய பெருமான், விற்பவன் கையில் உதிரம் படிந்துள்ளதா என நோக்கி விலக்கினாரல்லர்.

"வயிற்றுப்பாடு யாது ஆவது?" என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வியே. 'எச்-1பி' அனுமதியில் அமெரிக்காவில் உழைப்போர் வேலையிழப்பின், புதுவேலை தேடவோ, நாட்டை விட்டு நீங்கவோ பெறும் தவணை மிகுதியாக 60 நாட்களே. கல்விக்கடன் ஒருபுறம், பெற்றோரைக் காக்கும் கடமை மறுபுறம். எதிர்ப்புக்கு விலையும் உண்டு. இஸ்ரேல் அரசோடு 2021-இல் செய்த ஒப்பந்தத்தை எதிர்த்து 2024 ஏப்ரலில் அலுவலகங்களில் அமர்ந்து போராடியோருள் 28 பேரைக் கூகிள் முதற்கண் நீக்கியது. பின்னர் மேலும் சிலரை நீக்கியது. பணிக்கு இடையூறு செய்தனர் என்பது அந்நிறுவனம் கூறிய காரணம்.

ஆதலின், அனைவரும் நாளையே பதவி துறக்க என நாம் கூறோம். இல்லத்திற் பசியிருக்க வீரம் பேசுதல் எளிதன்று. பிறர்க்கு அதனை உபதேசித்தல் அறமுமன்று. ஆனால், துறத்தலுக்கும் வாளாவிருத்தலுக்கும் இடையே படிகள் பலவுள. இவ்வேலை யாருக்கு, எதற்கு என வினவுதல் முதற்படி. ஐயத்தை மேலாளரிடம் எடுத்துரைத்தல் இரண்டாம் படி. உடனுழைப்போரோடு கூடி ஒரு குரலாய்ப் பேசுதல் மூன்றாம் படி. வேறு பணி கேட்டல் நான்காம் படி. இவை யாவும் பயனற்றபோதே விலகுதல் என்னும் இறுதிப்படி. முதற்படியில் ஏற எவர்க்கும் இயலும். மேற்படிகளில், இழப்பைத் தாங்கும் வலிமையுடையோர் முன்னே செல்லக் கடமைப்பட்டவர். வலிமை குறைந்தோரை அவர் முன்னே தள்ளலாகாது.

2018-இல் வெளியிட்ட அந்நெறியைக் கூகிள் 2025 பிப்ரவரியில் நீக்கிவிட்டது. எனவே அவ்வூழியர் முயற்சி வீணாயிற்றென்பாருமுளர். நாம் அவ்வாறு கருதவில்லை. நிறுவனம் எழுதிய நெறியை நிறுவனமே அழிக்கலாம். ஒருவன் தன் உள்ளத்திற் கொண்ட நெறியை அவனன்றிப் பிறர் அழித்தல் இயலாது. வேலையை ஆயிரம் கூறாக்கலாம். பொறுப்பை அங்ஙனம் கூறாக்கிக் கரைத்துவிடலாகாது. வரியொன்றை எழுதுமுன் அது யாரைச் சென்று சேரும் என ஒருகணம் எண்ணிப் பார்ப்போமாக.