எண் பொறித்த பாகம்

ஜனவரி 10

முல்லோயா கோவிந்தன் சுடப்பட்ட நாள் இன்று. 1940இல், இலங்கை மலையகத்தில் ஹேவாஹெட்டைப் பக்கத்து முல்லோயாத் தோட்டத்தில், சம்பளத்தைக் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்தவர்கள் மீது பொலிஸ் சுட்டது. மலையகத் தொழிற்சங்க வரலாறு தன் முதல் தியாகியாக வைத்திருப்பது அவர் பெயரைத்தான்.

இந்த நாளில் ஒரு துப்பாக்கியைப் பற்றி யோசிக்கத் தோன்றுகிறது. முல்லோயாவில் வெடித்தது அல்ல. அதற்கு முக்கால் நூற்றாண்டு பிந்தி வந்தது.

2017 ஜனவரியில் அமெரிக்க இராணுவம் தன் சிப்பாய்களுக்குப் புதிய கைத்துப்பாக்கி ஒன்றைத் தெரிவு செய்தது. 1985 முதல் அவர்கள் வைத்திருந்த பெரெட்டாவின் இடத்துக்கு சிக் சாவர் நிறுவனத்தின் பி320 வந்தது. அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி, வேண்டியபடி மாற்றிப் பூட்டலாம். கையில் பிடிக்கும் பிளாஸ்டிக் கூடு சிறிது, நடுத்தரம், பெரிது என்று வெவ்வேறு அளவில் கிடைக்கிறது. குழல், அதற்கு மேல் ஓடும் பாகம் முதலியவற்றை மாற்றினால், 9 மில்லிமீற்றர் ரவை போட்ட துப்பாக்கி அதைவிடத் தடித்த ரவைக்கு மாறிவிடும். சிறிய கையுள்ள பெண் சிப்பாய்க்கும் பெரிய கையுள்ள ஆணுக்கும் ஒரே துப்பாக்கி பொருந்த வேண்டும் என்பது அந்த இராணுவம் கேட்டவற்றுள் ஒன்று.

இதை வாசிக்கும்போது மனம் கசக்கிறது. ஆயுதம் என்றால் ஒவ்வொரு கைக்கும் அளவு பார்த்துச் செய்கிறார்கள். நம் பாட்டன்மாருக்கு வீடு என்று வந்தபோது, பிள்ளைகள் இரண்டானாலும் எட்டானாலும் 10க்கு 12 அடிக் காம்பிரா ஒன்றே போதும் என்று லயம் லயமாக வரிசையில் கட்டி வைத்தார்கள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்தத் துப்பாக்கியின் உள்ளே இருக்கும் ஒன்றைப் பற்றி. கூட்டைக் கழற்றினால் சிறியதோர் உருக்குச் சட்டகம் கையில் வரும். விசை அதில்தான் பொருத்தப்பட்டிருக்கிறது. இந்தப் பாகங்களில் அமெரிக்காவின் மத்திய சட்டம் துப்பாக்கியாகக் கருதுவது அந்தச் சட்டகத்தை மட்டுமே. தொடர் எண் அதில்தான் பொறிக்கப்பட்டிருக்கும். கூட்டுக்கு எண் இல்லை; அந்தச் சட்டம் அதைச் சாதாரணச் சாமானாகவே பார்க்கிறது. வெளியே எதை மாற்றினாலும் எண் மாறாது. துப்பாக்கிகள் மீது எனக்கு எந்தப் பிரியமும் கிடையாது. ஆனாலும் எத்தனை பாகம் மாறினாலும் பொறுப்பை ஏற்கும் ஒரு பாகம் உண்டு என்று சட்டம் தெளிவாகச் சொல்லிவைத்திருப்பதை மதிக்கிறேன்.

மனிதர்கள் கூடி நடத்தும் துப்பாக்கிச் சூட்டில் அந்தப் பாகம் எது?

முல்லோயாவில் விசையை இழுத்தது ஒரு பொலிஸ்காரரின் விரல். அந்த விரலோடு விசாரணையை முடித்துக்கொள்வது எளிது. எழுந்த கொந்தளிப்பால் விசாரணை ஆணைக்குழு அமைக்கப்பட்டபோது, கோவிந்தனின் மனைவிக்காக அதன் முன் நின்றவர் கொல்வின் ஆர். டி சில்வா. அவர் விரலோடு நிற்கவில்லை. தோட்டத்துத் துரைமார்களுக்கும் பொலிஸுக்கும் நடுவே இருந்த நெருக்கம் வரைக்கும் கேள்விகளை இழுத்துப் போனார். ஒரு சட்டத்தரணி நம் மக்களுக்குச் செய்த பெரிய தொண்டுகளில் ஒன்றாக அதை நினைக்கிறேன்.

அதே வேளையில் கொழும்பில் வேறொரு சண்டை மூண்டது. முல்லோயாத் தொழிலாளர் மீதான வழக்கைத் தள்ளிவைக்கும்படி உள்நாட்டு அமைச்சர் டி.பி. ஜயதிலக்க சொன்னார், பொலிஸ் மா அதிபர் பாங்ஸ் அதன்படி நடக்கவில்லை. ஆளுநர் கால்டிகொட் பொலிஸ் மா அதிபரின் பக்கம் நின்றார். 1940 பெப்ரவரியில் அமைச்சர்கள் பதவியைத் துறந்தார்கள், பிறகு திரும்பி வந்தார்கள். பொலிஸுக்குக் கட்டளை இடுவது யார், அமைச்சரா ஆளுநரா என்பதே அவர்களுக்குப் பெரிய கேள்வி. தேவையான கேள்விதான். ஆனால் அந்தச் சச்சரவில் செத்துப்போன மனிதன் ஓரத்துக்குத் தள்ளப்பட்டான்.

அதற்குப் பிறகு கூடுகள் மாறின. 1948இல் வெள்ளைக்காரன் ஆட்சி போனது. அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டம் நம்மில் பெரும்பாலானோரை நாடற்றவர்கள் ஆக்கியது. 1972இல் நாடு குடியரசானது. 1975இல் கம்பனித் தோட்டங்களும் அரசின் கைக்குப் போயின. துரையின் நிறம் மாறியது, கொடி மாறியது, அரசியலமைப்பு மாறியது. 1977 மே 11ஆம் திகதி, தோட்டக் காணிகளை எடுத்து வெளியாருக்குப் பகிர்ந்தளிக்கும் திட்டத்தை எதிர்த்து மக்கள் திரண்டபோது, டெவன் தோட்டத்து சிவனு லெட்சுமணன் பொலிஸ் சூட்டில் விழுந்தார்.

1940இல் கேட்டது கூலி. 1977இல் கேட்டது காலடியில் இருக்கும் மண். கேட்டவையும் வேறு, கேட்கப்பட்ட அரசும் வேறு. மாறாமல் இருந்தது ஒன்று: தோட்டத்துச் சனம் நாலு பேர் கூடிக் குரல் எழுப்பினால் அதைப் பேசித் தீர்க்க வேண்டிய விஷயமாகக் கருதாமல், அடக்க வேண்டிய கலகமாகக் கருதும் பழக்கம். என் கணிப்பில் எண் பொறித்த பாகம் அதுதான். கொல்வின் தன் கேள்விகளால் தொட முயன்றதும் அதைத்தான்.

ஜனவரி 10ஐத் தியாகிகள் தினமாக நினைவுகூரும் கூட்டங்களில் கோவிந்தன், லெட்சுமணன் இருவரின் பெயரும் இன்று சொல்லப்படும். மாலை போடப்படும், விளக்கு ஏற்றப்படும். வேண்டியவைதான். அவற்றோடு, ஹட்டனிலும் தலவாக்கலையிலும் சட்டமும் வரலாறும் படிக்கும் நம் பிள்ளைகளிடம் ஒரு வேண்டுகோள். முல்லோயா ஆணைக்குழுவின் பதிவுகளைத் தேடி எடுங்கள். பொலிஸை அழைத்தது யார், எத்தனை பேர் வந்தார்கள், எந்த வார்த்தையில் கட்டளை போனது, சாட்சி சொன்னவர்களை யார் யார் என்னென்ன கேட்டார்கள் என்று வரி வரியாக வாசியுங்கள். வாசித்ததை லயத்துக்குக் கொண்டுபோய், வீட்டில் உள்ளவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள்.