கடன் வாங்கிய மௌனம்

துறைசார் மாநாடுகளில் சிறப்புரையாளருக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. ஆய்வுக் கட்டுரை வாசிப்பவர் முடித்ததும் ஒலிவாங்கி அரங்குக்குள் போகிறது. கடைசி வரிசை மாணவர்கூட எழுந்து, 'இரண்டாவது அட்டவணையில் கணக்கு இடிக்கிறதே' என்று கேட்டுவிடலாம். சிறப்புரை முடிந்தாலோ கைதட்டல், பொன்னாடை, நினைவுப்பரிசு, தேநீர். குறுக்குக் கேள்வி கேட்கும் உரிமையை அரங்கில் இருப்போர் அனைவரும் அந்த ஒரு மணி நேரத்துக்கு விட்டுக்கொடுத்துவிடுகிறார்கள். இத்தனைக்கும் அவர்களில் பலர் பேசுபவர் அளவுக்கே விஷயம் தெரிந்தவர்கள். இந்த மௌனத்துக்கு ஈடாக அவர் என்ன தர வேண்டும்? இதை அறம் சார்ந்த கேள்வியாகவே பார்க்கிறேன். தன் பேச்சு எந்த இடத்தில் பிழைபடக்கூடும் என்பதை அவரே காட்டிவிட வேண்டும். அரங்கு கேட்க முடியாத கேள்வியை அரங்கின் சார்பில் தன்னிடமே கேட்டுக்கொள்ள வேண்டும். பட்ட கடனை அடைக்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

ஒரே மனிதரின் இரண்டு உரைகளை எடுத்துக்கொள்வோம். 1900 ஆகஸ்ட் 8 அன்று பாரிசில், உலகக் கணிதவியலாளர் மாநாட்டில் டேவிட் ஹில்பர்ட் பேசினார். தலைப்பை முடிவுசெய்யத் தாமதித்ததால் தொடக்க அமர்வில் அவருக்கு இடமில்லை. வரலாறு, கற்பித்தல் தொடர்பான பிரிவுகளின் கூட்டு அமர்வில்தான் பேச வேண்டியிருந்தது. (அந்த மாநாட்டின் தொடக்க உரைகள் இன்று யாருக்கு நினைவிருக்கின்றன?) எந்தக் கணிதச் சிக்கலுக்கும் விடை உண்டு என்ற தன் நம்பிக்கையை அங்கே அவர் வெளிப்படையாகச் சொன்னார். சொன்னதோடு விடவில்லை. 23 சிக்கல்களைத் தொகுத்திருந்தார். நேரம் கருதி மேடையில் 10 மட்டும் எடுத்துரைத்தார். ஒன்றைச் செய்ய முடியாது என்று நிறுவினால் அதுவும் தீர்வுதான் என்று ஒப்புக்கொண்டார். அவருடைய மாணவர் மாக்ஸ் டேன் மூன்றாவது சிக்கலை அதே ஆண்டில் முடித்தார். ஒரு வகைச் சமன்பாடுகளுக்கு முழு எண் தீர்வு உண்டா என்று கண்டறியப் பொது வழிமுறை கேட்டது பத்தாவது சிக்கல். அப்படியொரு வழிமுறை இருக்கவே முடியாது என்று 1970இல் யூரி மத்தியசேவிச் நிறுவி முடித்தார். எட்டாவதில் வரும் ரீமான் கருதுகோள் இன்னும் யாருக்கும் பிடிபடவில்லை. தன் நம்பிக்கையைச் சோதித்துப் பார்க்கும் கருவிகளை ஹில்பர்ட் தம் கையாலேயே அரங்குக்குக் கொடுத்துவிட்டுப் போனார்.

முப்பது ஆண்டுகள் கழித்து, 1930 செப்டம்பர் 8 அன்று, சொந்த ஊரான கோனிக்ஸ்பெர்கில் ஜெர்மானிய இயற்கை அறிவியலாளர், மருத்துவர் சங்கக் கூட்டத்தில் அவர் மீண்டும் பேசினார். ஓய்வுபெற்ற ஆண்டு, ஊர் அவருக்குக் கௌரவக் குடிமகன் பட்டம் அளித்திருந்தது. 1872இல் லைப்சிக்கில் இதே சங்கத்தின் மேடையில் உடலியல் அறிஞர் எமில் து புவா-ரேமோன், பருப்பொருளின் இயல்பும் உணர்வின் தோற்றமும் மனிதனுக்கு என்றுமே எட்டாதவை என்று அறிவித்திருந்தார். அதை மறுத்து, அறிய முடியாதது என்று ஒன்றுமே இல்லை என்று ஹில்பர்ட் முழங்கினார். அதன் சாரத்தை அவர் வானொலியில் பேசிய பதிவு இன்றும் கேட்கக் கிடைக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய நாள், அதே ஊரில் நடந்த வேறொரு மாநாட்டின் கலந்துரையாடலில், 24 வயது குர்ட் கோடல் அடங்கிய குரலில் ஒரு செய்தி சொல்லியிருந்தார்: கணிதத்தின் விதித்தொகுப்பு முரணற்றது என்று கொண்டால், உண்மையாக இருந்தும் அதற்குள் நிறுவ முடியாத கூற்றுகள் உண்டு. அங்கே அதன் கனத்தை உடனே உணர்ந்தவர் ஜான் வான் நாய்மன். மறுநாள் ஹில்பர்ட்டின் உரையில் இதன் சுவடே இல்லை.

தெரியாததற்காக அவரைக் குற்றம் சொல்வது நியாயமில்லைதான். கோடலின் தேற்றம் அவருடைய நம்பிக்கையை அடியோடு சாய்த்துவிட்டது என்பதும் மிகை. ஒரு விதித்தொகுப்பில் நிறுவ முடியாததை அதைவிட வலிய ஒன்றில் நிறுவலாம். சரிந்தது, கணிதம் முழுவதையும் ஒரே தொகுப்பில் அடக்கி, அது முரணற்றது என்பதையும் ஐயமறக் காட்டிவிடலாம் என்ற திட்டம். என் குறை வேறு. எது நடந்தால் இந்த நம்பிக்கையைக் கைவிடலாம் என்று பாரிஸ் உரையைக் கேட்டவருக்குத் தெரிந்திருக்கும். கோனிக்ஸ்பெர்க் உரையைக் கேட்டவருக்கு உற்சாகம் மட்டுமே மிஞ்சியது.

உற்சாகம்தானே சிறப்புரையின் வேலை, நுணுக்கத்துக்குக் கட்டுரை அமர்வுகள் இருக்கின்றனவே என்பார்கள். விடை உண்டு என்று நம்பாமல் யாரும் ஒரு சிக்கலோடு இருபது வருடம் மல்லுக்கட்ட மாட்டார்கள் என்பதும் உண்மை. ஆனால் வெறும் உற்சாகம் எவ்வளவு மலிவானது என்பதற்கு 1973இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வே போதும். 'டாக்டர் ஃபாக்ஸ்' என்ற பெயரில் ஒரு நடிகரை நிபுணராக அறிமுகப்படுத்தி, முன்னுக்குப்பின் முரணான, பொருளற்ற உரை ஒன்றை மனநல மருத்துவர்கள், உளவியலாளர்கள், கல்வியாளர்கள் முன் நிகழ்த்த வைத்தார்கள். கேட்டவர்களில் பெரும்பாலோர் நல்ல மதிப்பெண்ணே போட்டார்கள். சிறிய ஆய்வு, முறையிலும் குறைகள் உண்டு. இருந்தாலும் கைதட்டலை வைத்து உரையை எடைபோடக் கூடாது என்ற முடிவை அது தாங்கும்.

பிழைபடும் இடத்தைச் சொன்னால் பேச்சு தளர்ந்துபோகும் என்ற அச்சத்துக்கு பாரிஸ் உரையே பதில். அதில் தயக்கம் எங்கே இருக்கிறது? வள்ளுவர் அவை அஞ்சாமையை 73ஆம் அதிகாரமாகவும், அதற்கு முன்னால் அவை அறிதலை 72ஆம் அதிகாரமாகவும் வைத்தார். நம் மேடைப் பயிற்சி வகுப்புகள் 73இல் தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகின்றன. மாநாடு நடத்துபவர்களிடம் ஒரு வேண்டுகோள்: சிறப்புரை முடிந்ததும் ஒலிவாங்கியைப் பத்து நிமிடம் அரங்குக்குள் அனுப்புங்கள். பொன்னாடையை அதற்கப்புறம் போர்த்தலாம்.