பகைவன் பேரேட்டில் ஒரு வரவு



கடன் கொடுத்தால் எழுதி வைக்கவும், சாட்சி வைக்கவும் வேண்டுமென்று அல்பகரா அத்தியாயத்தில் அல்லாஹு தஆலா கட்டளையிட்டிருக்கின்றான். ஒருவன் ஏட்டில் உள்ளது அவன் சொல். எதிராளி ஏட்டிலும் அதுவே இருந்தால் அதன் கனமே வேறு. பைபிளில் உள்ள சரித்திரம் மெய்யா, பொய்யா என்ற பேச்சு நம் கடைகளிலும் எழுகின்றது. அதையும் ஏடு பார்த்தே பேசுவோம்.

கி.மு. 701-ல் அசீரிய அரசன் சனகெரிப் யூதா நாட்டின்மீது படையெடுத்தான். எருசலேமை ஆண்ட எசேக்கியா அவனுக்கு 300 தாலந்து வெள்ளியும் 30 தாலந்து பொன்னும் கப்பம் கட்டியதாகப் பைபிளின் இரண்டாம் இராஜாக்கள் புத்தகம், 18-ஆம் அதிகாரம் கூறுகின்றது. இது கொடுத்தவன் ஏடு.

வாங்கியவன் ஏடு எங்கே? நபி யூனுஸ் (அலை) அவர்களின் நகரமான நினிவேயின் இடிபாடுகளில், இராக்கின் மோஸூல் பட்டணத்தருகே, 1830-ல் அது கிடைத்தது. ஏறக்குறைய 38 சென்டிமீட்டர் உயரமும் ஆறு முகமும் உள்ள சுட்ட களிமண் கட்டை அது. கர்னல் டெய்லர் கைக்கு வந்து, பின்னர் லண்டன் பிரிட்டிஷ் மியூசியம் சேர்ந்தது. எசேக்கியாவின் 46 கோட்டை நகரங்களைப் பிடித்ததாகவும், அவனைக் கூண்டுப் பறவைபோல் எருசலேமுக்குள் அடைத்ததாகவும் சனகெரிப் அதில் பெருமை பேசுகின்றான். வரவான பொன் எவ்வளவு? அதே 30 தாலந்து! வெள்ளியோ 800.

வாங்கியவன் கூட்டினானா, கொடுத்தவன் குறைத்தானா, எடைக்கல்தான் வேறா? அறிஞர்கள் பலவாறு சொல்லுகின்றனர். ஆனால் எருசலேமைப் பிடித்ததாக அவன் எழுதவேயில்லை. இத்தனை பெருமை பேசுகிறவன் அந்த இடத்தில் வாய் மூடியது கவனிக்கத்தக்கது. ஓரிரவில் வானவர் 1,85,000 வீரரை மாய்த்தாரென்று பைபிள் சொல்வதைப் பற்றியும் அதில் ஒரு வார்த்தை இல்லை. மண்வெட்டிக்குக் கப்பக் கணக்கு அகப்பட்டது, மலக்கு அகப்படவில்லை.

ஆகவே, எல்லாம் ருசுவாகிவிட்டது என்று பாதிரிமார் சிலர் சொல்வது மிகை. எல்லாமே கட்டுக்கதை என்று நம்மவர் சிலர் சொல்வதோ பொய்ச்சாட்சியம். வேதக்காரர் சொல்வதை மெய்யென்று ஏற்கவும் வேண்டாம், பொய்யென்று தள்ளவும் வேண்டாம் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் அருளியதை அபூஹுரைரா (ரலி) அறிவிக்க, புகாரியில் காண்கின்றோம். பகைமைக்காக நீதி தவறலாகாது என்பது அல்மாயிதாவின் கட்டளை. கிறிஸ்தவ வாடிக்கையாளர் செலுத்திய வரவை நம் பேரேட்டில் அடிக்க நாம் துணிவதில்லை; அவர் வேதத்திலுள்ள உண்மை வரவை மட்டும் அடிக்கலாமோ?

யூதாவின் லாகீஸ் கோட்டை முற்றுகையைச் செதுக்கிய நினிவே அரண்மனைக் கற்களும் அதே மியூசியத்தில்தான் உள்ளன. வியாபார நிமித்தம் லண்டன் செல்வோர் ஒரு பிற்பகல் ஒதுக்கிப் பார்த்து வரலாம்.