விலை குறைந்த லென்ஸின் மதிப்பு

ஒரு பொருளின் மதிப்பு அந்தப் பொருளிலேயே இருக்கிறதா, அதன் பயனில் இருக்கிறதா என்பது பழைய தத்துவக் கேள்வி. அரிஸ்டாட்டில் 'அரசியல்' நூலில் செருப்பை எடுத்துக்காட்டி, அணியும் பயனையும் பண்டமாற்றுப் பயனையும் பிரித்துக் காட்டினார். விலை குறைந்த 70-300 மி.மீ. ஜூம் லென்ஸை எடைபோடவும் இந்தப் பிரிவு உதவும். 300 மி.மீ. முனையில் அதன் துளை பெரும்பாலும் எஃப் 5.6 வரையே திறக்கும், எஃப் 2.8 லென்ஸ் உள்வாங்கும் ஒளியில் அது கால் பங்குதான். ஒகேனக்கல் அருவியை நண்பகல் வெயிலில் படமெடுக்க அதுவே தாராளம். 2022இல் அறிவிக்கப்பட்ட காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயத்தின் ஆற்றோர மரநிழலில், பொழுது சாயும் நேரத்தில் சாம்பல் நிற அணிலைத் தேடினால் அதே லென்ஸ் திணறும்.

இதனால் மதிப்பு முழுவதும் மனம் சார்ந்தது என்று முடிவுகட்டுவது தவறு. கண்ணாடியின் தெளிவு எவர் விருப்பத்தாலும் அதிகரிக்காது. மதிப்புக்கு மூன்றாவது ஊற்றும் உண்டு, அதற்காக ஒருவர் செய்யும் தியாகம். தகடூர் அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லிக்கனி அரியது, ஆயுளை நீட்டுவது. அதைத் தானே உண்ணாமல் அவன் கொடுத்ததே அதன் பெருமையை உயர்த்தியது. சிறுகச் சேமித்து வாங்கிய முதல் லென்ஸுக்கும் அத்தகைய மதிப்பு உண்டு. மறுவிற்பனைக் கடை அதற்கு விலை தராது.